நிழலுக்கு எட்டுகிற கயிறு

மீனாட்சிபுரம்,
வைகாசி 5

அன்பு மகள் நித்யகலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று மாசாணியம்மனை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் புதிதாக ஒரு குறையும் இல்லை, இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பா போனை விட்டுவிட்டுக் கடிதம் எழுதியிருக்கிறாரே, வெயிலில் மூளை கலங்கிவிட்டதா என்று நினைப்பாய். கலங்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே நீ குறுக்கே பேசுவாய், வேண்டாம்ப்பா என்பாய், நானும் சரி கண்ணு என்று சொல்லிவிடுவேன், நீ பேச ஆரம்பித்த நாளிலிருந்து உன் பேச்சைத் தட்ட எனக்குத் தெம்பு இருந்ததில்லை. அதனால்தான் நீ தடுக்க முடியாத வழியாகப் பார்த்து எழுதுகிறேன். இது நாக்பூருக்கு வந்து சேரும்போது நாங்கள் செய்யப்போவதைச் செய்து முடித்திருப்போம். படித்துவிட்டுத் திட்டிக்கொள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

இந்த வருஷம் இங்கே வெயில் சொல்லி முடியாது. கிணற்றில் மோட்டார் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே காற்றைத்தான் இறைக்கிறது. தென்னையில் குரும்பை எல்லாம் கொட்டிக் கிடக்கிறது. மேற்கே தோட்டத்தில் காய்ந்த ஓலையைக் கூட்டி நெருப்பு வைத்தார்கள், காற்று திரும்பி அடுத்த தோப்பின் சொட்டுநீர்க் குழாயெல்லாம் உருகிப்போய், காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒன்றாகப் பந்தி போட்ட இரண்டு வீட்டுக்காரர்களும் இப்போது ஸ்டேஷனில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். வடகரப்பதிப் பக்கம் ஒருத்தர் கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கப் போய் வழுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது, இறங்கச் சொன்ன தோட்டக்காரர்மேல் கேஸ். வெயில் ஏறினால் மனிதனுக்கு நிதானம் இறங்கிவிடுகிறது, அப்புறம் மழைக்காலம் முழுக்க வக்கீல் வீட்டுக்கும் கோர்ட்டுக்கும் நடக்கிறான். இதையெல்லாம் கேட்டுவிட்டு டீக்கடையில் நியாயம் பேசிக்கொண்டு இருந்தவன்தான் நானும். உன் ரூமில் இரும்புக் கூலர் வைத்திருப்பதாகச் சொன்னாயே, அதற்குத் தண்ணீர் ஊற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட்டு ஊற்று. ஈரக் கையோடு அதைத் தொடாதே. உன் கூட இருக்கிற பெண்ணிடமும் சொல்லி வை. நீ சிரிப்பாய், சிரித்தாலும் பரவாயில்லை, பிடுங்கிவிட்டு ஊற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குருசாமி சம்சாரம் கலாமணி இறந்தது உனக்குத் தெரியும். நம் கயிறு தட்டித்தான் வண்டி விழுந்தது என்பதையும் உன்னிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் சொன்னது பாதிதான், அதுவும் எனக்குச் சாதகமான பாதி. குருசாமியை உனக்கு நினைவிருக்கும், சொசைட்டிப் பால் வண்டி ஓட்டுகிறவன், நீ காலேஜுக்குப் போகிற காலத்தில் பஸ் தவறினால் உன்னையும் உன் புத்தக மூட்டையையும் பால் கேனுக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போய் விடுவானே, அவன்தான். விடியக்காலம் எழுந்து வண்டி எடுக்கிறவன் என்பதால் பொழுது சாய்ந்தால் அவன் கண் சிவந்துதான் இருக்கும். குடி கிடையாது. கலாமணி கோட்டூர்ப் பெண், நம் வீட்டுக்கு வந்தால் உன் அம்மாவோடு மாடு கட்டுகிற கட்டுத்தரையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவாள், நான் ஏதாவது கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாங்க மாமா, இல்லீங்க மாமா என்பதோடு சரி. அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை, இப்போதுதான் பேசப் பழகுகிறது. அன்றைக்குக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு டவுனுக்குப் பைக்கில் துணி எடுக்கப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

நம் வாய்க்கால் ரோட்டுச் சமாசாரம் நாக்பூரில் யாருக்குச் சொன்னாலும் புரியாது, நீ அதில் நடந்து வளர்ந்தவள். சித்திரை பிறந்தால் இந்தப் பக்கத்தில் பச்சை என்று இருப்பது வாய்க்கால் கசிகிற அந்தக் கரை ஒன்றில்தான். மாடு வைத்திருக்கிற எல்லோரும் வெடியால, பொழுது விடிந்ததுமே கொண்டுபோய் அங்கேதான் முளைக்குச்சி அடித்துக் கட்டுவோம். கரையில் புல் உண்டு, நிழல் கிடையாது. நிழல் இருப்பது ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமர வரிசையில். வெயில் ஏறியதும் மாடு தானாக ரோட்டைத் தாண்டிப் போய் மரத்தடியில் படுத்துக்கொள்ளட்டும் என்று இரண்டு கயிற்றை முடிச்சுப் போட்டு நீளமாக விடுவது இங்கே பழக்கம். கயிறு தார்ரோட்டின்மேல் குறுக்கே கிடக்கும். வண்டியில் வருகிறவர்கள் மெதுவாக்கி ஏறி இறங்கிப் போவார்கள், மாடு நடந்துகொண்டிருந்தால் நின்று போவார்கள், கயிறு நிமிர்ந்து நின்றால் இறங்கிக் காலால் அமுக்கிவிட்டுப் போவார்கள். யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் அவர்கள் வீட்டு மாடும் அங்கேதானே நிற்கிறது. பஞ்சாயத்தில் ஒரு தடவை ரோட்டோரம் மாடு கட்டக் கூடாது என்று போர்டு வைத்தார்கள், அந்தப் போர்டுக் கம்பத்திலேயே ஒருத்தர் எருமையைக் கட்டினார், நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

நம் செவலை மாடு இப்போது நிறைசினை, கறவை கிடையாது. கறக்கிற மாட்டைப் பொழுதோட, சாயங்காலப் பால் நேரத்துக்குப் பிடித்து வந்துவிடுவோம், இது கறவை இல்லாததால் குளிர்ச்சியாகக் கொஞ்ச நேரம் கூட நிற்கட்டும் என்று விட்டிருந்தோம். காலையில் கட்டியது உன் அம்மா. இருட்டுவதற்குள் பிடித்து வர வேண்டியது நான். அன்றைக்கு மேற்கே மேகம் கருக்கல் கட்டி நின்றது, இத்தனை நாள் காய்ந்தபிறகு மழை வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா உள்ளே இருந்து ஏனுங்க, மாட்டப் புடிச்சுட்டு வாங்க, இடி இடிக்குதுல்ல என்று சொன்னாள். போறேன் போறேன் என்று சொல்லிவிட்டு மெதுவாகத்தான் நடந்தேன். நான் வளைவு திரும்பும்போது ஒரு இடி விழுந்தது. புளியமரத்தடியில் படுத்திருந்த மாடு மிரண்டு எழுந்து ஓடவும், ரோட்டில் படுத்துக் கிடந்த கயிறு விசுக்கென்று நிமிர்ந்தது. அப்போதுதான் அந்த இடத்தைத் தாண்டிப் போன டிப்பர் ஒன்றின் லைட், எதிரே வந்துகொண்டிருந்த இவர்கள் கண்ணில் அடித்தது, கயிறு தெரிந்திருக்காது. டிப்பர்க்காரன் எதையும் கவனிக்காமல் போய்விட்டான். வண்டி கயிற்றில் மாட்டிச் சுழன்று விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். குருசாமி மண்ணில் விழுந்தான். ஒருச்சாய்த்து உட்கார்ந்திருந்த கலாமணி வாய்க்கால் பாலத்துக் கட்டைச் சுவரில் போய் விழுந்தாள். முன்னால் இருந்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான், அவள் போடவில்லை. நீ ஸ்கூட்டியில் யாரை ஏற்றினாலும் பின்னால் உட்காருகிறவருக்கும் ஒன்று வாங்கிக் கொடு.

உன்னிடம் சொல்லாத பாதி இதுதான் நித்யா. ஓடிப் போய் அவளைத்தான் முதலில் தூக்கினேன் என்று உன்னிடம் சொன்னேன். ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், பெரியமுத்து ஓடி வந்து தூக்கவில்லையென்றால் அவள் அந்த இடத்திலேயே போயிருப்பாள் என்று. நான் முதலில் போனது கயிற்றிடம். முளைக்குச்சியைப் பிடுங்கி, கயிற்றை மாட்டுக் கழுத்திலிருந்து அவிழ்த்து, சுருட்டி வேலிக்கு அந்தப் புறம் வீசிவிட்டு, மாட்டை அடித்து வீட்டுப் பக்கம் விரட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவளிடம் போனேன். யோசித்துச் செய்தேனா என்று கேட்டால் தெரியவில்லை, கை தானாகச் செய்தது. ஆனால் கை செய்ததை மூளை வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்புறம் தலைத்துண்டை எடுத்து அவள் தலையில் சுற்றி, பின்னால் வந்த ஆட்டோவை நிறுத்தி, இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழி முழுக்க அவள் தலை என் மடியில்தான் இருந்தது. அங்கிருந்து கோயமுத்தூர் கொண்டுபோகச் சொன்னார்கள், போய்ச் சேர்ந்தும் பிழைக்கவில்லை.

அவள் செத்தது தமிழ்நாட்டில், விழுந்தது எல்லைக்கு நம் பக்கம், கேரளத்தில், அதனால் காகிதமெல்லாம் அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்து நம் ஸ்டேஷன்காரர் வாய்க்கால் ரோட்டுக்கு வரச் சில நாள் ஆயிற்று. அதற்குள் ஒன்று நடந்தது. விழுந்ததற்கு மறுநாள் காலையில் அந்தக் கரையில் ஒரு மாடு கூட இல்லை. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, எல்லா வீட்டிலும் மாட்டைக் கட்டுத்தரையிலேயே கட்டிக் காய்ந்த சோளத்தட்டைப் போட்டிருந்தார்கள். முளைக்குச்சி அடித்த குழிகளைக்கூட மிதித்து மூடியிருந்தார்கள். அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியும், கண்ணு. ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை, கேட்டால் அவர்கள் கயிற்றைப் பற்றியும் பேச்சு வரும். போலீஸ்காரர் வந்து ரோட்டில் வல்லதும் உண்டாயிருந்தோ, ஏதாவது கிடந்ததா என்று என்னிடம் கேட்டார். ஒண்ணும் இல்ல சாரே என்று சொன்னேன். நாய் குறுக்கே வந்ததா என்றார், பார்க்கவில்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார். கவனமில்லாமல் வண்டி ஓட்டி மனைவி சாகக் காரணமாக இருந்தான் என்று குருசாமிமேலேயே கேஸ் ஆகிவிட்டது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனை, அவளைக் கொன்றவன் என்று சட்டம் எழுதி வைத்துக்கொண்டது. லைசென்ஸைப் பிடித்துவைத்துவிட்டார்கள், வண்டி ஓட்டத்தான் அவனுக்குத் தெரியும். ஹெல்மெட் இருந்தும் அவனுக்கும் தலையில் அடி, விழுந்த நேரம் ஒன்றும் நினைவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கண்ணு சொக்கியிருக்குமுங்க, நாந்தானுங்க கொன்னுபோட்டேன் என்று சொல்லிக்கொண்டு இருந்தான். கலாமணியின் அம்மா காரியம் முடிந்த அன்றைக்கே அவன் முகத்துக்கு நேராக, எம் புள்ளயத் தூங்கிக் கொன்னவங்கிட்ட இந்தக் குழந்தைய விட மாட்டேன் என்று சொல்லிக் குழந்தையைக் கோட்டூருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் தடுக்கவில்லை. அந்தம்மா சொல்றது சரிதானுங்களே என்று என்னிடமே சொன்னான்.

அந்தக் காரியத்தன்றே உன் அம்மா எழுந்து நின்று சொல்லப் போனாள், நான்தான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்புறம்தான் உனக்குப் போன் பண்ணினேன், நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரிந்தே பண்ணினேன். அம்மாவை வாயே திறக்க வேண்டாம்னு சொல்லுங்கப்பா, அவங்க உடம்புக்கு ஸ்டேஷன் வாசல் தாங்காது என்று நீ சொன்னாய். நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, தாய்க்காகப் பெண் சொல்லுகிற வார்த்தைதான் அது. ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டு, உன்ற பொண்ணே வேண்டாங்குது என்று உன் அம்மாவை அடக்கினேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை போடவில்லை. பேசுவதையே குறைத்துக்கொண்டாள். சோறு போடுவாள், வேண்டுமா என்று கேட்க மாட்டாள். செவலையிடம் மட்டும் போவதில்லை, தண்ணீர் காட்டுவதெல்லாம் நான்தான். ஒரு நாள் நான் கட்டுத்தரையில் இருக்கும்போது வந்து நின்று, நெழலுக்குத்தானுங்க நீளமாக் கட்டுனேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன வாரம் இங்கே பக்கத்தில் சித்தூரில் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். சொந்தக்காரர் ஒருத்தருக்கு இப்படி ஆகிவிட்டது என்று ஆரம்பித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, உங்க சொந்தக்காரர் இப்ப எனக்கு எதிர் நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்காரா என்று கேட்டார். இந்த வயதில் எனக்குப் பொய் சொல்லவும் ஒழுங்காக வரவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ யாரிடமாவது கேட்டுச் சரிபார்க்க வேண்டுமானால் பார். பொது ரோட்டில் வழியை மறித்து மாட்டைக் கட்டியது கவனக்குறைவு, ஒரு உயிர் போனதால் குருசாமிமேல் போட்ட அதே மாதிரிக் கேஸ் உன் அம்மாமேல் வரலாம், வயதையும் வேண்டுமென்று செய்யவில்லை என்பதையும் கோர்ட் பார்க்கும். ஆனால் கயிற்றை எடுத்து எறிந்ததும், போலீஸ் கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொன்னதும் கவனக்குறைவு இல்லை, தெரிந்து செய்தது, அதைத்தான் கோர்ட் லேசில் விடாது என்றார். நான் இத்தனை நாளும் உன் அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன் நித்யா. அந்த அறையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது யாரை என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அப்போதும் நேராக ஸ்டேஷனுக்குப் போகவில்லை. மாட்டையும் நான்தான் கட்டினேன் என்று சொல்லிவிட்டால் அவளை விட்டுவிடுவார்களா என்று கேட்டேன். ஒரு பொய்யை எடுக்க வந்தவர் இன்னொரு பொய்யை வைக்காதீங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் அதையே சொல்லிப் பார்த்தேன். நாங் கட்டுனத நீங்க எதுக்குக் கட்டுனேங்கறீங்க என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டாள்.

நேற்றுக் காலையில் குருசாமி வந்தான். மொட்டை அடித்த தலையில் இப்போதுதான் முடி எட்டிப் பார்க்கிறது, நெற்றித் தையல் அப்படியே தெரிகிறது. அன்றைக்கு நான் கலாமணி தலையில் சுற்றிய துண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தான். கறை முழுக்கப் போகலீங்க மாமா, வேற வாங்கியாந்து தர்றனுங்க என்றான். அதெல்லாம் வேண்டாம், உட்காரு என்றேன். உட்காரவில்லை. கேஸ் கோர்ட்டுக்குப் போகும்போது வக்கீலெல்லாம் வைக்கப் போவதில்லை, குற்றத்த ஒத்துக்கறேன்னு சொல்லீரலாம்னு இருக்கனுங்க என்றான். என்ன தண்டனை கொடுத்தாலும் சரிதானாம், உள்ளே போனாலும் சரிதானாம். தனியாகப் போய் நிற்கத்தான் பயமாக இருக்கிறதாம். நீங்கதான மொதல்ல வந்து அவளத் தூக்குனீங்க, அன்னைக்கு நீங்க கூட நின்ன மாதிரி அங்கயும் வந்து நின்னீங்கன்னா போதுமுங்க மாமா என்றான். கேட்டுக்கொண்டே என் காலைத் தொடக் குனிந்தான். நல்லவன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிற ஆள் அவன் முன்னால் மரம் மாதிரி நிற்கிறேன்.

உன் அம்மா உள்ளே இருந்து தண்ணீர்ச் சொம்போடு வந்தாள். நான் கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்றுதான் காட்டினேன், அந்த நேரத்திலும் என் கண் அப்படித்தான் காட்டியது. அவள் என் பக்கமே திரும்பவில்லை. சொம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு, குருசாமி, நீ தூங்குல சாமி, எங்க மாட்டுக் கயிறு ரோட்டுக்குக் குறுக்க இருந்துச்சு, நாந்தான் கட்டுனேன், மாடு மெரண்டு இழுத்ததுல கயிறு நிமிந்து உன்ற வண்டியத் தட்டிருச்சு என்று குரல் கூட உயராமல் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். அதற்குமேல் நான் ஒளிய இடம் இல்லை. ஆமாங் குருசாமி, கயிற எடுத்து வீசுனது நான், போலீசுக்குப் பொய் சொன்னதும் நான் என்றேன். கத்துவான், சொம்பைத் தூக்கி எறிவான் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன். அவன் உன் அம்மாவைப் பார்த்து, அப்ப நான் தூங்குலீங்களா அத்தை என்று கேட்டான். இல்ல சாமி என்றாள். நெசமாலுமே தூங்குலீங்களா என்று மறுபடியும் கேட்டான். இல்ல சாமி, நீ நல்லாத்தான் ஓட்டீட்டு வந்த என்றாள். அப்படியே வாசல் மண்ணில் உட்கார்ந்துகொண்டு அழுதான். அவளை எடுத்த அன்றைக்கும் அவன் அழுது நான் பார்க்கவில்லை, நேற்றுத்தான் அழுதான். உன் அம்மாவும் அவனுக்கு எதிரே உட்கார்ந்து அழுதாள். நான் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் கட்டுத்தரைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

வெகு நேரம் கழித்து எழுந்து முகத்தைத் துடைத்தான். உங்களை மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை, அதை நாங்களும் கேட்கவில்லை. கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. நான்தான், நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போயிச் சொல்லீர்றம் என்றேன். என் முகத்தைப் பார்க்காமல், ஸ்டேஷன் அப்பறம் இருக்கட்டுமுங்க, மொதல்ல கோட்டூர் வந்து அவங்கம்மாகிட்டச் சொல்லுங்க, எம் பாப்பாவ வச்சுக்கிட்டு நாந் தூங்கிக் கொன்னேன்னு அவங்க தெனமும் நெனச்சுட்டு இருக்கறாங்க என்றான். சொல்லிவிட்டுப் போய்விட்டான். துண்டு மட்டும் கட்டிலில் இருந்தது.

அதனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி போய் அங்கிருந்து கோட்டூர் போகிறோம். மத்தியானம் திரும்பி நேராக ஸ்டேஷன். வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டேன், அங்கே வருகிறேன் என்றிருக்கிறார். ஜாமீனுக்கு ஆள் பார்த்து வைத்தாயிற்று, அதைப் பற்றி நீ பதற வேண்டாம், லீவு போட்டுக்கொண்டு ஓடி வரவும் வேண்டாம், கூப்பிட வேண்டிய நேரம் வந்தால் நானே கூப்பிடுகிறேன். உன் அம்மா மாத்திரைகளைப் பையில் எடுத்து வைத்துவிட்டாள். இன்று காலையில் எனக்குச் சோறு போட்டுவிட்டு இன்னுங் கொஞ்சம் வேணுங்களா என்று கேட்டாள். இந்தத் தெருவில் இனிமேல் எங்களை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியவில்லை, எங்கள் வாயிலிருந்து வந்தால் அடுத்தாற்போல் எல்லார் கயிற்றையும் பற்றிக் கேள்வி வரும், பாதிப் பேர் பேச மாட்டார்கள். பேசாமல் இருக்கட்டும். எனக்கு லாக்கப் பயம் இருக்கிறது, இல்லை என்று உன்னிடம் வீரம் பேச மாட்டேன். ஆனால் அதைவிடப் பயமாக இருப்பது கோட்டூரில் அந்தம்மாள் கதவைத் திறக்கிற அந்த நேரம்தான். தன் மகளைத் தூக்கியவன் வந்திருக்கிறான் என்று வாங்க என்பாள், உட்காரச் சொல்வாள். அவள் பாய் எடுத்துப் போடுவதற்கு முன்னாலேயே நான் சொல்லிவிட வேண்டும், கலாமணியிடம் போவதற்கு முன்னால் கயிற்றிடம்தான் போனேன் என்று. உன் அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிடுவாளோ என்று இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதே அவளிடம் கேட்டுக்கொள்ளப் போகிறேன், இந்த ஒரு தடவை என்னை முதலில் பேச விடு என்று.

நீ நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் நூறு வயது இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். கூலர் பிளக்கை மறந்துவிடாதே. இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணு, சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா என்று மட்டும் கேள், ஏன் சொன்னாய் என்று அவளைக் கேட்காதே. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று என்னைக் கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெரியமுத்து